விளக்குக்கு விலையா, வேலையா?

('வீட்டுக்கு விளக்கு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விலையா? வேலையா?' என்ற தலைப்பில் திருவாமாத்தூரில் நடந்த பட்டிமன்றத்தில், 'வேலையே' என்ற அணியில் பேசியது.)



தலைப்பைச் சொன்னதும் என் வீட்டு அம்மா கேட்டாங்க: "எதைப் பற்றிப் பேசப் போறீங்க?" "பல்பு வாங்கறதைப் பற்றி" என்றேன். "அதுக்கு எதுக்குத் தயாரிப்பு? முப்பது வருஷமா மேடையிலே வாங்கிக்கிட்டுத்தானே இருக்கீங்க!" என்றாங்க. (சிரிப்பு)

ஐயா, சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். எதிரணியிலே பேசின அம்மா நல்ல கணக்கோடு பேசினாங்க. 2014-ஆம் ஆண்டு அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பு, இரண்டு மூன்று வருஷத்திலே 40 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. 2015 ஜனவரியிலே 'உஜாலா' திட்டம் தொடங்கியது. 36 கோடிக்கு மேல் பல்புகள் மக்கள் கைக்குப் போயின. "விலை இறங்கினதாலேதானே குடிசைக்கும் எல்.இ.டி. வந்தது? அப்புறம் விலையைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது?" என்று கேட்டாங்க.

நியாயமான கேள்வி. நான் மறுக்கவே இல்லை. விலைதான் கதவைத் திறந்தது. ஆனால் நடுவர் அவர்களே, கதவு திறந்துவிட்டது என்பதற்காக யார் வந்தாலும் உள்ளே விட்டுவிடுவோமா? "யாருப்பா நீ? என்ன வேலையா வந்தே?" என்று கேட்போமா, மாட்டோமா? அதைத்தான் பல்பிடமும் கேட்கச் சொல்கிறோம்!

இந்த ஊருக்கு வந்து நின்றால் எனக்கு இரட்டைப்புலவர்கள் ஞாபகம் வராமல் இருக்குமா? திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடியவர்கள் அவர்கள். ஒருவருக்குப் பார்வை இல்லை. இன்னொருவருக்குக் கால் நடக்காது. பார்வை இல்லாதவர் தோளிலே நடக்க முடியாதவர் உட்கார்ந்துகொள்வார். மேலே இருக்கிறவர் வழி சொல்வார், கீழே இருக்கிறவர் நடப்பார். ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். ஒருவரை ஒருவர் பொருந்தியிருந்தவரை இரண்டு பேருக்கும் குறை இல்லை.

ஐயா, உங்கள் வீட்டிலே இருக்கிற ஹோல்டரும் பல்பும் இரட்டைப்புலவர் மாதிரிதான்! சுவரிலே இருக்கிற ஹோல்டர் தாங்குகிறது. மேலே உட்கார்ந்த பல்பு வழி காட்டுகிறது. பொருந்தினால் இரண்டும் வாழும். பொருந்தாவிட்டால் இரண்டும் விழும். கடையிலே விலை கேட்கிறோமே, எந்த ஹோல்டருக்கு என்று கேட்கிறோமா?

நம்ம ஊர் ஹோல்டர் பெரும்பாலும் இரண்டு பின் வைத்து அழுத்தித் திருப்பறது. அதற்கு பி22 என்று பெயர். 22 என்பது மில்லிமீட்டர். திருகி மாட்டற பெரிய வாய் இ27. சரவிளக்கிலே, அலங்கார விளக்கிலே இருக்கிற சின்ன வாய் இ14. இதைக் குறித்துக்கொண்டு போகாமல், "பல்பு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டு, வீட்டிலே வந்து மாட்டிப் பார்த்தால் மாட்டாது. மாட்டினது யாரு? நாமதான்! (கைதட்டல்)

வாய் பொருந்திவிட்டால் மட்டும் போதுமா? வாசல் போர்ட்டிகோவிலே, குளியலறையிலே கண்ணாடி உருண்டை மாட்டியிருப்பாங்க, நாலு பக்கமும் மூடினது. பழைய குண்டு பல்பு சூட்டைப் பெரும்பாலும் வெளியே வீசிவிடும். எல்.இ.டி. அப்படி இல்லை. மொத்தச் சூடு குறைவுதான், ஆனால் அந்தச் சூடு கழுத்துக்குள்ளே, அடிப்பக்கமாக இறங்கும். அங்கேதான் அதன் உயிர்நாடி இருக்கிறது. டிரைவர் என்று சொல்கிற சின்ன மின்சுற்று. மூடின உருண்டைக்குள்ளே காற்று ஓடாது, சூடு போக வழி இல்லை, டிரைவர் வெந்து போகும். "எல்.இ.டி. வாங்கினேன், ஆறு மாசத்திலே போயிடுச்சு" என்கிறார்களே, பல இடத்திலே விளக்கு சாகவில்லை ஐயா, டிரைவர்தான் செத்தார். மூடின விளக்குக்கு வாங்குவதானால், மூடின கூட்டுக்குள் போடலாம் என்று பெட்டியிலே சொல்லியிருக்கிறதைப் பாருங்க. இல்லையென்றால் குறைந்த வாட்ஸ் போடுங்க.

இன்னொன்று. சுவரிலே மேல் நோக்கி நிற்கிற ஹோல்டர் இருக்கும். குண்டு பல்பு நாலாபக்கமும் வெளிச்சம் கொடுத்தது. எல்.இ.டி. பல்பைப் பாருங்க. தலை மட்டும் பளிச்சென்று இருக்கும், கழுத்து வெறும் பிளாஸ்டிக். மேல் நோக்கி மாட்டினால் ஒட்டடை பளபளவென்று தெரியும், கீழே நடக்கிற ஆள் தெரிய மாட்டார்! அந்த இடத்துக்கு ஹோல்டரைக் கீழ்நோக்கித் திருப்பணும், இல்லையென்றால் சுற்றிலும் வெளிச்சம் கொடுக்கிற வகையை வாங்கணும்.

ஒரு வீட்டிலே, ஸ்விட்சை அணைத்த பிறகும் ராத்திரி பல்பு மினுக்கு மினுக்கு என்று எரிகிறது. பாட்டி வேப்பிலை கட்டிவிட்டாங்க! பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஸ்விட்சிலே இருட்டிலே தெரிவதற்காகச் சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறது பாருங்க, அதன் வழியாகக் கசிகிற துளி மின்சாரமே எல்.இ.டி.க்குப் போதும். குண்டு பல்புக்கு அது பசி அடங்காது, இதற்கு அடங்கிவிடுகிறது. ஆனால் தாய்மார்களே, ஸ்விட்சிலே அந்தச் சிவப்பு விளக்கும் இல்லாமல் பல்பு மினுங்கினால், ஸ்விட்ச் நியூட்ரல் வயரிலே போட்டிருக்கலாம். அப்போது ஸ்விட்சை அணைத்தாலும் ஹோல்டரிலே கரண்ட் இருக்கும். வேப்பிலை வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. எந்த பல்பு மாற்றினாலும் மெயினை அணைத்துவிட்டு மாற்றுங்க.

டியூப்லைட்டுக்கு வருகிறேன். பழைய செட்டிலே சோக் இருக்கும், ஸ்டார்ட்டர் இருக்கும். எல்.இ.டி. டியூபிலே சில வகை, ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றிவிட்டு அதிலேயே எரியும். சில வகைக்கு சோக், ஸ்டார்ட்டர் இரண்டையும் எடுத்துவிட்டு நேராக வயர் கொடுக்கணும். எது எது என்று பெட்டியிலே படம் போட்டிருக்கும். குழப்பமே வேண்டாம் என்றால் முழு செட்டையே மாற்றிவிடுங்க. கழற்றின பழைய டியூபை உடைத்துக் குப்பையிலே போடாதீங்க, உள்ளே பாதரசம் இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு கவலைதான் நடுவர் அவர்களே. இதுவரைக்கும் வகுப்பிலே லேட்டாகப் புரிந்துகொள்கிற பையனை "டியூப்லைட்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எல்.இ.டி. போட்டதும் எரிகிறது. இனிமேல் அவனை என்னவென்று சொல்வது? (சிரிப்பு)

சரி, பெட்டிக்கு வருவோம். எதிரணித் தம்பி சொன்னார்: "ஒன்பது வாட்ஸ் என்றால் எல்லாம் ஒன்பது வாட்ஸ்தானே? மலிவாகக் கிடைக்கிறதை வாங்க வேண்டியதுதானே?"

தம்பி, நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஊர் எந்த ஊர் தெரியுமா? வட்டப்பாறை இருக்கிற ஊர். அதன் முன்னால் நின்று யாரும் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார்கள். இங்கே ஒரு கதை சொல்வார்கள், சொல்பவருக்குச் சொல்பவர் கொஞ்சம் மாறும். அண்ணன் பொருளைத் தம்பி எடுத்துக்கொண்டான். வழக்கு வட்டப்பாறைக்கு வந்தது. தம்பி என்ன செய்தான்? பொன்னையெல்லாம் ஒரு கைத்தடிக்குள்ளே வைத்து அடைத்தான். சத்தியம் செய்கிற நேரத்திலே, "அண்ணே, இந்தத் தடியைக் கொஞ்சம் பிடி" என்று அவன் கையிலே கொடுத்துவிட்டான். "அண்ணன் பொருள் என்னிடம் இல்லை, அவனிடமே இருக்கிறது" என்று சத்தியம் செய்தான். சொன்ன வார்த்தையிலே பொய் உண்டா? இல்லை. உண்மை உண்டா? அதுவும் இல்லை! தப்பித்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டு போனவனை வழியிலே பாம்பு கடித்தது என்று கதை முடிகிறது.

ஐயா, பல்புப் பெட்டியிலே இருக்கிற எழுத்து, சில சமயம் அந்தக் கைத்தடிச் சத்தியம் மாதிரி. 'ஒன்பது வாட்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். பொய் இல்லை. ஆனால் வாட்ஸ் என்பது அது சாப்பிடுகிற மின்சாரம். கொடுக்கிற வெளிச்சம் இல்லை! வீட்டுக்கு வேலைக்கு ஓர் ஆளை வைக்கிறீர்கள். "எத்தனை இட்லி சாப்பிடுவே?" என்று கேட்பீர்களா? "எவ்வளவு வேலை செய்வே?" என்று கேட்பீர்களா? வெளிச்சத்தின் அளவுக்கு லுமென் என்று பெயர். அது பெட்டியின் ஓரத்திலே பொடி எழுத்திலே இருக்கும். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லுமென் கொடுத்தது. இன்றைக்கு நல்ல ஒன்பது வாட்ஸ் எல்.இ.டி. 900 லுமென் கொடுக்கும். பக்கத்திலேயே இன்னொரு பெட்டி, அதுவும் ஒன்பது வாட்ஸ், அதிலே 720 என்று இருந்தால் என்ன அர்த்தம்? இரண்டு பேரும் ஒரே இட்லி, ஒருத்தர் வேலை மட்டும் குறைச்சல்!

அப்புறம், '25,000 மணி நேரம்' என்று போட்டிருக்கும். அதுவும் கைத்தடிதான். காற்றோட்டமான இடத்திலே, சரியான மின்அழுத்தத்திலே என்பது சொல்லாமல் விட்ட பாதி. நம்ம கிராமத்துக் கரண்ட் சாயங்காலம் ஒரு குணம், ராத்திரி ஒரு குணம். அதனாலே எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரைக்கும் தாங்கும் என்பதையும் பாருங்க. இந்தியத் தர நிர்ணய முத்திரை இருக்கிறதா, உத்தரவாதம் எத்தனை வருஷம் என்று பாருங்க. பில்லை வாங்கி வையுங்க. மாட்டுகிற தேதியைப் பேனாவாலே பல்பின் கழுத்திலேயே எழுதிவிடுங்க. கல்யாணத் தேதியை மறந்தால் வீட்டிலே திட்டுவாங்க. பல்புத் தேதியை மறந்தால் கடையிலே மாற்றித் தர மாட்டாங்க!

வெளிச்சத்தின் அளவு சொன்னேன். இனி நிறம். எல்.இ.டி.யிலே சிவப்பு 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலம் வருவதற்கு 1990-கள் ஆயின. முப்பது வருஷம்! ஜப்பானிலே பிறந்த மூன்று பேர், அகாசாகி, அமானோ, நகாமுரா, அதற்காக 2014-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். ஏன் நீலத்துக்கு இவ்வளவு மரியாதை? நாம் வெள்ளை என்று வாங்குகிற எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல விளக்குதான். அதன் மேலே மஞ்சள் பூச்சு. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சின் பக்குவத்தைப் பொறுத்து ஒரு பல்பு இதமான மஞ்சளாக எரியும், ஒரு பல்பு பால் வெள்ளையாக எரியும். பெட்டியிலே 2700, 3000 கெல்வின் என்றால் மஞ்சள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நாலாயிரம் நடுவிலே.

எது நல்லது? இந்தக் கேள்வியே தப்பு. என்ன வேலைக்கு என்று கேட்கணும். அரிசியிலே கல் பொறுக்கணும், கீரையிலே புழு பார்க்கணும், சமையலறைக்கு வெள்ளை வேணும். பையன் படிக்கிற மேசைக்கு வெள்ளை வேணும். ஆனால் படுக்கிற அறையிலே, ராத்திரி பத்து மணிக்கு, அந்த நீல வெள்ளையைப் போட்டால் உடம்பு இன்னும் பொழுது சாயவில்லை என்று நினைத்துக்கொள்ளும், தூக்கம் தள்ளிப் போகும். அங்கே மஞ்சள். பூசை அறையிலே மஞ்சள். அம்பாள் முகத்தை ஆபரேஷன் தியேட்டர் வெளிச்சத்திலேயா பார்ப்பது?

பெட்டியிலே சி.ஆர்.ஐ. என்று இன்னொரு எண் இருக்கும். ஏதோ இஞ்சினீயர் சமாசாரம் என்று நினைக்காதீங்க. அதைக் கண்டுபிடித்ததே நம்ம தாய்மார்கள்தான்! காஞ்சிபுரத்திலே பட்டுப்புடவை எடுக்கப் போகிறாங்க. கடைக்குள்ளே ஆயிரம் விளக்கு எரியும். புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலிலே பிடித்துப் பார்ப்பாங்க. ஏன்? சூரியன் காட்டுகிற நிறம்தான் அசல் நிறம் என்று அவங்களுக்குத் தெரியும். இந்த விளக்கின் கீழே நிறங்கள் எவ்வளவு அசலாகத் தெரியும் என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று கொடுக்கிற மார்க்குதான் சி.ஆர்.ஐ. எண்பது என்றால் பாஸ். தொண்ணூறு என்றால் முதல் வகுப்பு. சமையலறைக்கும், துணி தைக்கிற இடத்துக்கும் கூடுதல் மார்க் வாங்கின பல்பாகப் பார்த்து எடுங்க.

"இத்தனையும் பார்த்தால் விலை கூடுமே" என்பார் எதிரணித் தலைவர். ஐயா, சோழர் காலத்திலே கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தார்கள். கல்வெட்டுகளைப் பாருங்க. விளக்கு வாங்கிக் கொடுத்ததோடு நிறுத்தினார்களா? ஒரு விளக்கு அணையாமல் எரிய ஒரு நாளைக்கு இத்தனை நெய், பெரும்பாலும் ஓர் உழக்கு. அதற்கு 90 ஆடு, சில இடத்திலே 96 ஆடு. அவை சாகாமலும் மூப்படையாமலும் எண்ணிக்கை குறையாமல் காக்க ஓர் இடையர். விளக்கின் விலை ஒரு நாள் செலவு, எரிகிற செலவு ஊழிக்கும் செலவு என்று தெரிந்த சமுதாயம் ஐயா இது!

நாமும் கணக்குப் போடுவோம். 60 வாட்ஸ் குண்டு பல்பு, தினம் ஐந்து மணி நேரம், 60 நாள்: 18 யூனிட். அதே இடத்திலே ஒன்பது வாட்ஸ் எல்.இ.டி.: 2.7 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்றே வையுங்க. இரண்டு மாதத்திலே 76 ரூபாய் மிச்சம், பல்பின் விலையே வந்துவிட்டது. 'ஜீரோ வாட்ஸ்' என்று ஒன்றை ராத்திரி முழுக்க எரியவிட்டோமே, பெயர்தான் ஜீரோ, அது சாப்பிட்டது ஏறத்தாழ 15 வாட்ஸ்! பெயரை நம்பி வாங்கினதுக்கு அதைவிட உதாரணம் வேண்டுமா?

இப்போது எதிரணிக் கணக்கு. நாற்பது ரூபாய் மலிவு என்று வெளிச்சம் குறைந்த பல்பு வாங்கினீர்கள். போதவில்லை. என்ன செய்வோம்? பக்கத்திலே இன்னொன்று மாட்டுவோம். கூடுதல் ஒன்பது வாட்ஸ், தினம் ஐந்து மணி நேரம், வருஷத்துக்கு 16 யூனிட்டுக்கு மேல், 82 ரூபாய். நாற்பதை மிச்சம் பிடித்து வருஷா வருஷம் எண்பத்திரண்டைக் கொடுக்கிறோம். இதற்குப் பெயர் சிக்கனமா? நான் விலை உயர்ந்ததை வாங்குங்கள் என்றும் சொல்லவில்லை. படிக்கிற மேசைக்குப் பெரிய பல்பு வேண்டாம். இருக்கிற விளக்கைப் பாதி தூரத்துக்குக் கிட்டே கொண்டுவாருங்க, புத்தகத்தின் மேலே விழுகிற வெளிச்சம் ஏறத்தாழ நாலு மடங்காகும். வேலையைப் பார்க்கிறவனுக்குத்தான் ஐயா பணமும் மிஞ்சுகிறது!

கடைசியாக ஒன்று. என்னிடம் படித்த மாணவர் ஒருவர். வீடு கட்டினார். கூடத்துக்கு விருந்தாளி பார்க்கிற மாதிரி நல்ல விளக்கு. மாடிப்படிக்கு, "போகிற வழிதானே" என்று இருக்கிறதிலேயே மலிவாக ஒன்று. ஒரு விடியற்காலை, அவருடைய தாயார், எழுபது வயது தாண்டினவர், கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் காலை வைத்தாங்க. இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து எழுந்தாங்க, ஆனால் அதற்குப் பிறகு கோலம் போட வாசலுக்கு வரவில்லை. அந்த மாணவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, எனக்கு அந்தப் படி நல்லாத் தெரிஞ்சுது. அம்மாவுக்குத் தெரியுமான்னு நான் யோசிக்கலை."

அதுதான் ஐயா விஷயம். அறுபது வயதுக் கண்ணுக்குள்ளே போய்ச் சேருகிற வெளிச்சம், இருபது வயதுக் கண்ணிலே சேருவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நமக்குப் போதுகிற விளக்கு நம்ம அம்மாவுக்குப் போதாது. கடையிலே போய் நிற்கிறது நம்ம கண். ராத்திரி எழுந்து நடக்கிறது அவங்க கண். பல்பை யார் கண்ணுக்காக வாங்க வேண்டும்?

இதற்குப் பதில் இந்தத் திருவாமாத்தூர்க் கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. கண்பார்வை இல்லாத பதினாறு பேரை இந்தக் கோயிலிலே திருப்பதிகம் பாட வைத்து, அவர்களுக்கு நிபந்தம் எழுதி வைத்தார்கள். அதோடு விட்டார்களா? அந்தப் பதினாறு பேருக்கும் வழி காட்ட இரண்டு பேரை நியமித்து, அவர்களுக்கும் சேர்த்து எழுதி வைத்தார்கள். 'கண் காட்டுவார்' என்று அவர்களுக்குப் பெயர். செலவைக் குறைக்க நினைத்திருந்தால் அந்த இரண்டு பேரை விட்டிருக்கலாம். "பாடத்தானே வைத்தோம், நடப்பது அவர்கள் பாடு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாட்டு நடக்கணும் என்றால், பாடுகிறவர் தடுக்கி விழாமல் வந்து சேரணும் என்று நினைத்த ஊர் இது!

நடுவர் அவர்களே, நம்ம வீட்டு மாடிப்படியிலே எரிகிற அந்தச் சின்ன விளக்கு இருக்கிறதே, அதுதான் இன்றைக்குக் கண் காட்டுவார். அவரை வேலைக்கு வைக்கும்போது, "என்ன சம்பளம்?" என்று இரண்டாவது கேளுங்கள். "யாருக்கு வழி காட்டப் போகிறாய்? உன்னாலே முடியுமா?" என்று முதலில் கேளுங்கள். ஆகவே, வீட்டுக்கு விளக்கு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வேலையே, வேலையே என்று தீர்ப்புக் கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)